ஒரு வருஷத்து வெள்ளை

நாகர்கோவில் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று நெடுங்காலம் யாரும் கேட்டதில்லை. வெள்ளைதான். எப்போது அடிப்பது என்பதுதான் பேச்சாக இருக்கும். இந்து வீடுகளில் பொங்கலுக்கு, கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு, முஸ்லிம் வீடுகளில் நோன்புக்கு முன்னால். இடையில் கல்யாணம் வந்தால் கூடுதலாக ஒருமுறை. கையில் காசில்லாத வருஷம் முன்பக்கச் சுவரோடு நிறுத்திக்கொள்வார்கள். அடிக்காமலே விட்டால் அந்த வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்திருக்க வேண்டும். வேறு காரணத்தை ஊர் லேசில் ஏற்காது.

இப்போது பாட்டா கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கிறோம். ஓடு மாற்றியாயிற்று, வயரிங் புதிதாக இழுத்தாயிற்று, பின்கட்டில் சிமென்ட்டில் ஒரு குளியலறையும் சின்ன அறையும் சேர்த்தாயிற்று. இத்தனைக்கும் ஆகாத பேச்சு சுவரின் நிறத்துக்கு ஆகிக்கொண்டிருக்கிறது. இடைச்சுவரை எடுத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டபோது ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் சரி என்று சொன்ன குடும்பம், திண்ணைக்கு எந்த மஞ்சள் என்பதில் கட்சி பிரிந்து நிற்கிறது. இடித்த சுவர் அதோடு போயிற்று. நிறம் தினமும் எதிரே நிற்கும்.

கடைக்காரர் தந்த ஷேட் கார்டு விசிறியாக விரிகிறது. ஆயிரத்துக்கு மேல் நிறங்கள். வெள்ளைக்கு மட்டுமே தனியாகச் சில இதழ்கள். முப்பது வருஷங்களுக்கு முன்னால் வெள்ளை பெயின்ட்டில் சின்னப் புட்டி ஸ்டெய்னரை ஊற்றி, குச்சியால் கலக்கி, விரலில் தொட்டுச் சுவரில் தீற்றிப் பார்த்து, "இன்னும் ரெண்டு சொட்டு" என்று பெயின்டரே நிறத்தை உண்டாக்கினார். கலவை பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. அதனால் ஒரு சுவர் முடியாமல் அவர் சாப்பிட எழுந்திருக்க மாட்டார். இன்றைக்குக் கடையில் எந்திரம் இருக்கிறது; எண்ணைத் தட்டினால் சொட்டுக் கணக்காக விழுகிறது. நிறம் பெருகியதால்தான் இந்தத் தேர்வுத் தொல்லை வந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு. ஆயிரம் நிறமிருந்தாலும் அடுத்த தையில் மாற்றிக்கொள்ளலாம் என்றால் யாரும் இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். சுவர்ப்பூச்சு நீடித்து நிற்கத் தொடங்கிய பிறகுதான் நிறம் ஒரு முடிவாக மாறியது. முடிவு என்று வந்ததும் பயமும் கூட வந்தது.

சுண்ணாம்பின் ஆயுள் ஒரு வருஷம். அந்தக் காலத்தில் சிப்பியைக் காளவாயில் சுட்டு மூட்டையாகக் கொண்டுவருவார்கள். முற்றத்தில் குழி வெட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். நீற்றியதைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பு, சில வீடுகளில் வச்சிரப் பசை, கடைசியில் ஒரு சிட்டிகை நீலம். நசுக்கிய மட்டைதான் பிரஷ். அடிக்கிற நேரத்தில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பழைய கறை, எண்ணெய்த் தலை சாய்ந்த தடம், பிள்ளைகள் கரிக்கட்டியால் எழுதிய கணக்கு எல்லாம் அப்படியே தெரியும். காய்ந்த பிறகுதான் வெள்ளை எழுந்து வரும். துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்திருக்கும்வரை ஒளி பெரும்பாலும் ஊடே போய்விடுகிறது. தண்ணீர் வற்றி அந்த இடுக்குகளில் காற்று புகுந்ததும் ஒளி சிதறித் திரும்புகிறது. நாம் வெள்ளை என்று பார்ப்பது அந்தச் சிதறலைத்தான். ஆகவே சுண்ணாம்பு அடிக்கிறவர் கண்முன் இருப்பதை நம்பாமல், நாளைக்கு வரப்போகும் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு கையை ஓட்டவேண்டும். அப்புறம் அது மெல்ல மெல்லக் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இறுகும். சுடுவதற்குமுன் சிப்பியாக இருந்தபோது என்ன பொருளாக இருந்ததோ அதே பொருளாக, மெல்லிய கல்லாக, சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வேறு நிறங்களையும் சுண்ணாம்பு சுலபமாக அனுமதிக்காது. அதன் காரம் பல சாயங்களைத் தின்றுவிடும். காவி நிற்கும், மஞ்சள் காவி நிற்கும், இரண்டும் இரும்பு கலந்த மண். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக நிற்பதற்குச் சமயக் காரணங்களைச் சொல்கிறார்கள். காரத்தைத் தாங்கி, மழைக்கும் ஈடுகொடுத்து, மலிவாகவும் கிடைத்தது காவிதான் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வீட்டுக்காரருக்கு மிஞ்சிய ஒரே சுதந்திரம் நீலத்தின் அளவு. நீலம் சுண்ணாம்பின் லேசான மஞ்சள் சாயலை அடக்கிக் கண்ணுக்கு இன்னும் வெளுப்பாகக் காட்டும். ஆச்சி எப்போதும் ஒரு கை கூடுதலாகவே போடச் சொல்வாளாம். பக்கத்து வீட்டார் அதற்குத் "துணி அலசின தண்ணி" என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று அம்மா சொல்கிறாள். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிடிக்காத நீலத்தின் ஆயுள் அடுத்த பொங்கல்வரைதான். பொங்கல்வரைகூட இல்லை. குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பாதியை அதுவே கழுவிவிடும்.

இன்றைய வெளிச்சுவர்ப் பெயின்ட்டுக்கு ஏழு வருஷம், பத்து வருஷம் என்று வாரண்டி கொடுக்கிறார்கள். பத்து வருஷம் என்றால் மகள் படிப்பை முடித்து எங்கோ வேலையில் இருப்பாள். அம்மா இருப்பாளா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஷேட் கார்டைப் புரட்டும்போது வீட்டில் திடீரென்று பேச்சு நின்றுபோவது இந்தக் கணக்கினால்தான் என்று எனக்குப் படுகிறது.

பத்து வருஷ வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் தூரம் போகவேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து மேற்கே கடற்கரைக்குப் போனால் மணவாளக்குறிச்சி. அங்கே மணல் கறுப்பு. இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு; அன்றைக்கு கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். விளக்குக்காக மணலை அள்ளினார்கள். கூடவே கறுப்பாகக் கிடந்த இல்மனைட் அப்போது பெரிதாகக் கருதப்படவில்லை. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானியம் டையாக்சைடை வெள்ளை நிறமியாகத் தயாரிக்கத் தொடங்கியதும் கதை மாறியது. அந்த நிறமியைத் தருவது இல்மனைட். திருவிதாங்கூர் மணல் உலகச் சந்தையில் முக்கியமான சரக்காகி, 1946இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் ஆலையே நிறுவப்பட்டது. 1956 நவம்பர் 1 வரை நாங்களும் அந்தத் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தோம்.

இந்த டைட்டானிய வெள்ளையின் பலம் அது ஒளியை வளைக்கும் திறனில் இருக்கிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.4; ரூட்டைல் வகை டைட்டானியம் டையாக்சைடுக்கு 2.7. சுண்ணாம்பு காய்ந்து ஆகும் பொருளுக்கு 1.6 அளவில்தான். காகிதத்தைவிட மெல்லிய படலமே அடியில் இருப்பதை முழுதாக மூடிவிடும். கடையில் பேஸ் என்று சொல்லும் வெள்ளை டப்பாவுக்குள் இருக்கும் முக்கியமான சரக்கு இதுதான். நாம் சண்டைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் எந்த இளநிறமும் இந்த வெள்ளையில் விழுந்த சில சொட்டுகள். ஒரு பக்கம் சிப்பி, இன்னொரு பக்கம் கறுமணல். இரண்டு வெள்ளையும் ஒரே கடல் கொண்டுவந்து ஒதுக்கியவை. சிப்பி பொறுக்கினதற்கு யாரும் வழக்குப் போட்டதாக நான் கேட்டதில்லை. மணல் எடுப்பது அப்படியல்ல. கதிர்வீச்சையும் கடலரிப்பையும் சொல்லி அந்தக் கரை ஊர்கள் பல காலமாகக் குரல் கொடுக்கின்றன. 2024இல் கிள்ளியூர் வட்டத்துக் கிராமங்கள் புதிய திட்டத்துக்கு எதிராகத் திரண்டன. வெளிச்சுவருக்கு எத்தனை லிட்டர் என்று நான் கணக்குப்போட்டுக்கொண்டிருந்ததும் அந்தச் செய்திகளைப் படித்ததும் ஒரே மேசையில்தான்.

முன்னறைச் சுவரைப் பெயின்டர் சுரண்ட ஆரம்பித்ததும் ஏடு ஏடாக நிறங்கள் வந்தன. மேலே ஐவரி எமல்ஷன், அடியில் வெளிறிய ரோஸ் டிஸ்டெம்பர், அதற்கும் அடியில் ஆஸ்பத்திரிப் பச்சை, பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை. எழுதுகிறவனின் புத்தி சும்மா இருக்குமா? ரோஸ் அத்தை கல்யாணத்துக்கு, பச்சை அப்பா வாத்தியார் வேலையில் சேர்ந்த வருஷத்துக்கு என்று கதை கட்ட ஆரம்பித்தேன். பெயின்டர் உப்புத்தாளை நிறுத்தாமலே சொன்னார்: "அப்பம் கடையில கெடச்ச கலரு அதாக்கும் அண்ணாச்சி. இந்தத் தெருவுல எந்த வீட்டச் சொரண்டினாலும் இதே பச்சதான் வரும்." நினைவுகள் என்று நாம் போற்றும் பல நிறங்கள் ஏதோ ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து வந்தவை.

ஜன்னல் கம்பிகளைத் தேய்க்கும்போது மட்டும் அவரைத் தடுத்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன். பழைய எனாமலில், அதிலும் பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன்பு அடித்ததெல்லாம் ஜன்னலில் அப்படியே இருக்கிறது; உலர்ந்த உப்புத்தாள் பட்டால் பொடியாகி மூச்சில் ஏறும், சின்னப் பிள்ளைகளின் மூளையைத் தாக்கும். பெயின்டர் இருபது வருஷமாக முகத்தில் துணிகூடக் கட்டாமல் தேய்த்துக்கொண்டிருப்பவர். நான் சொன்னதைக் கேட்டு வாளியில் தண்ணீர் எடுத்துவந்தார், எனக்காக.

சுரண்டலில் இன்னொன்றும் தெரிந்தது. கெட்டுப்போயிருந்தது எமல்ஷன் அடுக்குதான். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய சுவரில் மண்ணிலிருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். இடையில் தடுக்க ஒன்றும் வைத்திருக்க மாட்டார்கள். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும், சுவர் தானாகக் காயும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷனால் மூடிய பிறகு அந்த ஈரத்துக்குப் போக்கிடமில்லை. உள்ளேயே உப்புப் பூத்து, பூச்சைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் உயரத்துக்கு உரிந்து விழும், நாங்கள் அதன்மேல் மறுபடி பட்டி வைத்து மறுபடி அடிப்போம். நீடிப்பதற்காக வந்த பூச்சு அந்தச் சுவரில் சுண்ணாம்பின் ஆயுளுக்குக்கூட நிற்கவில்லை. ஆகவே பழைய கட்டுக்குச் சுண்ணாம்பே என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. வீட்டில் அதைச் சொன்னபோது, பணமில்லையா என்று தங்கை கேட்டாள். பணமில்லாதவர்களின் பூச்சு என்ற காலம் போய்விட்டது என்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஆரோவில் பக்கத்திலும் செட்டிநாட்டிலும் சுண்ணாம்புக் காரை தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, நல்ல கூலி கொடுத்து, அதைச் சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். எங்கள் ஆச்சி வேறு வழியில்லாமல் செய்ததை நாங்கள் ரசனை என்ற பெயரில் கூடுதல் செலவில் செய்யவேண்டும்.

சிமென்ட்டில் கட்டிய பின்கட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கே நிறத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். பெயின்டர் முதலிலேயே எச்சரித்தார்: "கார்டுக்க நெறம் வேற, செவருக்க நெறம் வேற." அவருடைய அனுபவத்தை 1839இல் ஒரு தடித்த புத்தகமாக எழுதினார் செவ்ரேல் என்ற பிரெஞ்சு வேதியியலர். பாரிஸில் கோப்ளான் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவர் அவர். கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று நெசவுக்காரர்கள் குறை சொன்னார்கள். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்தன. ஒரு நிறம் என்னவாகத் தெரியும் என்பதை அதன் அண்டை நிறம் தீர்மானிக்கிறது. ஷேட் கார்டில் ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றி அதன் ஐந்தாறு சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். வெள்ளையை வழிபட்ட கட்டடக்கலைஞர் என்று பேரெடுத்த லெ கொர்பூசியே 1931இல் சலுப்ரா என்ற சுவர்க்காகித நிறுவனத்துக்காக 43 நிறங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றைத் தயாரித்தபோது, துளை வெட்டிய அட்டையையும் கூடவே கொடுத்தார். வேண்டாத நிறங்களை மறைத்து வேண்டியதை மட்டும் பார்க்கலாம். நம் கடைக்காரர்கள் இதை மட்டும் ஏன் காப்பியடிக்கவில்லை என்று தெரியவில்லை. நான் பழைய காலண்டர் அட்டையில் வெட்டி ஒன்று செய்துகொண்டேன்.

அதுவும் பாதி தூரம்தான் கொண்டுபோகும். பரப்பு பெரிதானால் நிறம் கார்டில் இருந்ததைவிடத் துடிப்பாகத் தெரியும். நான்கு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று எதிரொளித்து இன்னும் ஏறும். தரை வேறு. முன்னறையில் ரெட் ஆக்சைடு தரை. மூன்று மணி வெயில் வாசல் வழியாக அதில் விழும்போது சுவரின் கீழ்ப்பாதி முழுக்கச் செம்மை ஏறிவிடுகிறது. அந்தத் தரையை எடுத்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட்டால் சுவரைத் தொடாமலே சுவரின் நிறம் மாறிவிடும். ஜன்னலுக்கு வெளியே வாழை நின்றால் உள்ளே ஒரு பச்சை இருக்கும். குலை தள்ளி வாழையை வெட்டியதும் அது போய்விடும். அறைக்குள் முன்பே நிறம் இருக்கிறது, நாம் அதற்குப் பதில் சொல்லத்தான் பெயின்ட் வாங்குகிறோம்.

வீட்டலங்கார வீடியோக்களில் வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த ஒளி, ஆகவே வெதுவெதுப்பான நிறம் அடியுங்கள் என்று அடித்துச் சொல்கிறார்கள். லண்டனுக்கு அது சரி. நாகர்கோவில் இருப்பது எட்டு டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் எங்கள் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் வடபக்கமாகச் சாய்ந்து வருகிறது. மேகம் விலகிய நாளில் வடக்கு ஜன்னலுக்குள் நேராகவே விழும். தெற்கு ஜன்னலின் முறை மார்கழியில். ஒரே அறைக்கு வருஷத்தில் இரண்டு ஒளி. எந்த ஒளிக்கு நிறம் வாங்குவது?

பொழுது சாய்ந்தால் இன்னொரு கூத்து. மங்கலில் கண்ணின் கூருணர்வு நீலத்தின் பக்கம் நகர்ந்துவிடும் என்பதைப் புர்க்கின்யே என்ற செக் உடலியலர் இருநூறு வருஷத்துக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார். பகலில் போட்டிபோட்டு நின்ற செம்பருத்தியும் சங்குப்பூவும் ஏழு மணி அரையிருட்டில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்: சிவப்பு கரியாகியிருக்கும், நீலம் மிதக்கும். சுவரிலும் அதேதான். பிறகு விளக்கைப் போட்டால், 6500 கெல்வின் பல்பில் க்ரீம் நிறம் காய்ச்சல்காரன் முகத்தைப்போல வெளிறுகிறது. 3000 கெல்வின் பல்பில் அதே சுவர் தேன் பூசிக்கொள்கிறது. பெயின்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு நூறு ரூபாய் பல்பை யோசிக்காமல் வாங்கிவருகிறோம்.

பத்மநாபபுரம் அரண்மனையைக் கட்டியவர்களுக்கு ஒளியின் இந்த ஆட்டம் தெரிந்திருக்கிறது. தக்கலை பக்கத்தில்தான் இருக்கிறது, பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் நாங்கள் எல்லோரும் போன இடம். வெள்ளைச் சுவர், கருமரம், தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த கறுப்புத் தரை. மந்திரசாலையின் ஜன்னல்களில் மட்டும் நிறமேற்றிய மைக்காத் தகடுகள். நிறத்தைச் சுவரில் பூசாமல் உள்ளே வரும் ஒளியில் பூசிவிட்டார்கள். மேகம் வந்தால் மங்கும், வெயில் வந்தால் கூடும், இரவில் இல்லாமலே போகும். மன்னர் பத்து வருஷம் ஒரே மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வெளிச்சுவர் முழுக்க வேறு விஷயம். அது வீட்டுக்காரருடையதல்ல, தெருவுடையது. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி. காவியை இப்போதெல்லாம் வெறும் மண்ணின் நிறமாக யாரும் பார்ப்பதில்லை. பச்சைக்கும் ஒரு வாசிப்பு உண்டு. நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் அதற்கும் உண்டு. மூன்று மதமும் ஒரே தெருவில் இருக்கும் மாவட்டத்தில் இந்த வாசிப்பு இன்னும் கூர்மை. பெயின்டர் இதில் தேர்தல் ஆணையத்தைவிடக் கண்டிப்பு. கைப்பிடிச் சுவருக்கு என் மகள் சொன்ன சேர்க்கையைக் கேட்டதும், "வேண்டாம் பாப்பா, மாநாடு நடக்குன்னு நெனச்சு ஆளு வந்துரும்" என்றார்.

எங்கள் தெரு முனையில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் கட்டிய வீடு கிளிப்பச்சையும் கத்தரிப்பூ ஊதாவும். அதைப் பார்த்து முகம் சுளிப்பது படித்தவர்களுக்கு ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. மேற்கத்திய மரபு நிறத்தைக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் நாகரிகமற்றவர்களுக்கும் உரியதாகக் கருதி ஒதுக்கியது என்று டேவிட் பேட்ச்லர் 2000இல் வந்த தன் புத்தகத்தில் வாதிடுகிறார். ஆஃப் ஒயிட்டில் வீடு கட்டும் நம் நடுத்தர வர்க்கம் அந்த மரபின் தூரத்துச் சொந்தம். எனக்கு அந்தக் கிளிப்பச்சை வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. நண்பகல் வெயிலில் நாசூக்கான நிறமெல்லாம் வெளுத்து ஒன்றாகிவிடும் ஊர் இது. அதில் நிறமாக நிற்பது அந்த வீடு ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் சில சாதியினர் மாடி கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. கண்ணில் படாமல் வாழ்வதே விதியாக இருந்தவர்களின் கொள்ளுப்பேரன் அடித்த ஊதா, கண்ணில் அடிக்கத்தான் செய்யும்.

இனி அம்மா அறை. பகல் முழுக்க வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான். நியாயமாக எல்லா நிறத்தையும் அவளைக் கேட்டே வைக்க வேண்டும். சென்ற மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண் பாக்கி இருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி நீலத்தை வடிகட்டிவிடும். மெதுவாக நடப்பதால் யாருக்கும் தெரியாது. பழைய லென்ஸை எடுத்துப் புதியதை வைத்ததும் அடைபட்டிருந்த நீலம் மொத்தமாக உள்ளே வரும். ஓவியர் மொனே 1923இல் ஒரு கண்ணில் புரை எடுத்துக்கொண்ட பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று திணறினார், தன் ஓவியங்களையே சந்தேகப்பட்டார். அம்மாவுக்கு அந்தத் திணறலெல்லாம் இல்லை, வேடிக்கையாக இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்ணைப் பொத்தி ஒரு கண்ணால் சுவரைப் பார்ப்பாள், பிறகு மாற்றிப் பொத்துவாள். இடது கண்ணுக்குச் சுவர் பழைய வேட்டி நிறம். வலது கண்ணுக்குப் பால்வெள்ளை, அதிலும் நீலம் ஓடிய வெள்ளை. ஆச்சியின் நீலத்தைத் தெருவே கேலி செய்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஆச்சிக்குக் கடைசிவரை புரை எடுக்கவில்லை. அவள் கண்ணுக்கு அது சரியான வெள்ளையாக இருந்திருக்கும்.

பெயின்டர் கார்டை அம்மாவிடம் நீட்டி, எந்த வெள்ளை வேண்டும் என்று கேட்டார். அவள் வழக்கம்போல இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கு ரெண்டு வெள்ள தெரியி மக்கா. நீ எந்தக் கண்ணுக்கு அடிக்கப் போற?"

"ரெண்டு கோட்டு அடிப்போம்லா, கண்ணுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிடுங்க அம்மா" என்றார் அவர்.

இடது கண்ணுக்கு மாசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பத்து வருஷத்துக்கான முடிவு எதுவும் வேண்டாம், அம்மா அறைக்குச் சுண்ணாம்பே அடித்துவிடலாம் என்றேன்; இந்தமுறை தங்கைகூட மறுக்கவில்லை. நீலம் எவ்வளவு என்பதைத் தானே நின்று பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டாள். கடைகளில் இப்போது முன்னால் அடுக்கியிருப்பது துணிக்குப் போடும் திரவ நீலம். அது சுண்ணாம்பின் காரத்தில் நிற்காது, பொடி நீலம்தான் வேண்டும் என்று பெயின்டர் சீட்டில் எழுதித் தந்திருக்கிறார். கோட்டாறு கடைத்தெருவில் விசாரிக்க வேண்டும்.